மீன் தொட்டியின் அடியில் என்ன பரப்பலாம்?

வீட்டு மீன் தொட்டி குறித்த ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை மீனைப் பற்றியோ தீனியைப் பற்றியோ கேட்காமல், தொட்டியின் அடியில் பரப்பும் கல்லையும் மணலையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். இந்நகரில் முப்பது ஆண்டுகளாக மீன் வளர்த்து, அதில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தும் பார்த்துவிட்ட நம் கட்டுரையாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். கப்பி மீன்களும், அடியில் மேயும் கோரிடோராஸ் மீன்கள் ஐந்தாறும் விட எண்ணம். சிவாஜிநகரில் ஒரு கடையில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய கற்களைக் காட்டினார்கள். மற்றொரு கடையில் வெள்ளைப் பளிங்குச் சில்லுதான் அழகு என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மணலே போதும் என்கிறார். எங்கள் வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது? – வாசகி, அல்சூர்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதே சரி. எந்த மீன் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால் உங்களுக்குப் பதில் சொல்வது எளிது. பெரும்பாலானவர்கள் கல்லை வாங்கிப் பரப்பிவிட்டு, அதற்கு மேல் நீந்த எந்த மீன் பொருந்தும் என்று கேட்பார்கள்.

கோரிடோராஸ் தென் அமெரிக்க ஆறுகளின் மணற்படுகைகளில் வாழும் மீன். அது வாயருகே உள்ள மெல்லிய மீசைகளால் மணலைத் துழாவி, மூக்கைப் புதைத்து, மணலை அள்ளிச் செவுள் வழியாக வெளியேற்றி, அதிலிருந்து இரையைப் பிரித்தெடுத்து உண்ணும். கூரிய விளிம்புள்ள கற்களின் மேல், அதிலும் கழிவு தேங்கிய கற்களின் மேல், இந்த மீனை விட்டால் மீசைகள் நாளடைவில் தேய்ந்து, புண்ணாகி, சில சமயம் முற்றிலும் மறைந்துவிடும். ஆகவே உருண்டையான மணிகளைக் கொண்ட மெல்லிய மணல்தான் அதற்கு ஏற்றது. கப்பிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதிகக் கவலை கிடையாது.

சாயக் கற்களில் எல்லாம் தீமை என்று சொல்லமாட்டேன். ஆனால் பூச்சு நன்றாக ஒட்டாத கல் சில மாதங்களில் உரிந்து, தண்ணீரில் வண்ணத் துகள்களாக மிதக்கும். வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலும், பளீரென்ற வெளிர் நிறத்தின் மேல் நீந்தும் மீன்களில் பல தம் நிறத்தை மங்கவைத்துக்கொள்ளும். அடர்ந்த பழுப்பு அல்லது கருமையான அடித்தளத்தில்தான் கப்பியின் வாலும் டெட்ரா மீனின் கோடும் எடுப்பாகத் தெரியும். மகளுக்கு நிறம் வேண்டுமென்றால் அதை மீனிடமிருந்து பெறுவதே நல்லது.

பளிங்குச் சில்லு வேறு வகைச் சிக்கல். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். மீன் வெளியிடும் கரியமில வாயுவாலும் கழிவு சிதைவதாலும் தொட்டித் தண்ணீர் தொடர்ந்து அமிலத்தன்மையை நோக்கி நகரும். அந்த அமிலத்தில் பளிங்கு சிறிது சிறிதாகக் கரைந்து, தண்ணீரின் கடினத்தன்மையையும், அதன் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் அளவையும் உயர்த்திக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கு அது விருந்து. உங்கள் கோரிடோராசுக்கு அல்ல. எந்தக் கல்லையும் மணலையும் வாங்குவதற்கு முன், உலர்ந்த ஒரு பிடியின் மேல் சமையலறை வினிகரைச் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. எலுமிச்சைச் சாற்றிலும் பார்க்கலாம்.

அளவுக்கு ஒரு சிறு கணக்கு: நீளம், அகலம், பரப்பவிருக்கும் உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை லிட்டர் மணல் என்பது வரும், அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ கணக்கு கிடைக்கும். உங்கள் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது என்று கொண்டு, சராசரியாக 4 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பினால் 7.2 லிட்டர், அதாவது சுமார் 11 கிலோ வேண்டும். முன்புறம் 3 சென்டிமீட்டரும் பின்புறம் 5 சென்டிமீட்டருமாகச் சரிவாக அமைத்தால் தொட்டிக்கு ஆழம் இருப்பதுபோல் தோன்றும். கழிவும் முன்பக்கம் இறங்கி, எடுப்பதற்கு எளிதாகும்.

மணலைப் பக்கெட்டில் கொட்டி, கையால் கலக்கி, கலங்கல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். அரிசி களைவது போலத்தான். ஆனால் அரிசிக்கு மூன்று முறை என்றால் இதற்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஆகலாம். சோப்பு, பினாயில், பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றின் வாசனைகூட அந்தப் பக்கெட்டில் இருக்கக் கூடாது. தொட்டியில் மணலைப் பரப்பிய பிறகு அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் குழி விழாது.

கேள்வி: அடுக்ககத்தில் கட்டட வேலை நடக்கிறது. அங்கே குவிந்திருக்கும் எம்-சாண்டையும் பொடி ஜல்லியையும் கழுவிப் பயன்படுத்தலாமா? – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பெங்களூருவைச் சுற்றியுள்ள கல் குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் கிரானைட்டும் அதன் உறவுக்காரப் பாறைகளும்தான். லால்பாக் குன்றில் நாம் ஏறி நிற்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த மிகப் பழமையான பாறையே. அது தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது என்பதால் வேதியியல்படி தடையில்லை. தடை வேறு இரண்டு. இயந்திரத்தில் உடைத்த கல் ஆகையால் ஒவ்வொரு மணியும் கூராக இருக்கும். அடியில் மேயும் மீன்களுக்கு ஆகாது. அடுத்து, வேலை நடக்கும் இடத்துக் குவியலில் சிமென்ட் கலந்திருக்கும். அது பிஎச் அளவைக் கடுமையாக உயர்த்தும். ஆசைக்காக அதில் இறங்க வேண்டாம். குடிநீர் வடிகட்டிகளிலும் நீச்சல் குள வடிகட்டிகளிலும் நிரப்பும் சிலிக்கா மணல் மூட்டையாகக் கிடைக்கிறது. மணி ஒரே அளவாகவும் பெரும்பாலும் உருண்டையாகவும் இருக்கும், தூசும் குறைவு. மீன் கடையில் சிறு பொட்டலமாக விற்கும் மணலோடு ஒப்பிட்டால் விலையும் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: அண்டர்கிராவல் ஃபில்டர் பொருத்திய மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, தொட்டியில் இருந்த கல் முழுவதையும் வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினேன். தொட்டி கண்ணாடி போல் மின்னியது. நான்காம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து, ஒவ்வொன்றாக இறந்தன. சுத்தமாக வைத்ததற்கா இந்தத் தண்டனை? – வாசகர், ஸ்ரீராமபுரம்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பழைய தொட்டியைத்தான் கண்ணாடியில் பார்த்தது போல் இருந்தது. நானும் ஒரு போகியன்று இதே வேலையைச் செய்தேன். அத்தனை கல்லையும் மொட்டை மாடியில் கொட்டி, தேய்த்துக் கழுவி, காயவைத்து, அக்கம்பக்கத்தாரை அழைத்துவந்து தொட்டியைக் காட்டினேன். ஒரு வாரத்தில் பதினொரு மீன்கள் போயின. புதுத் தண்ணீரில் ஏதோ விஷம் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. கற்களின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. அண்டர்கிராவல் ஃபில்டரில் தண்ணீர் கற்களின் ஊடாகக் கீழே இழுக்கப்பட்டு, துளைத் தட்டின் அடியே சென்று, காற்றுக் குழாய் வழியாக மேலே ஏறுகிறது. ஆகவே அங்கே வடிகட்டி என்பது அந்தப் பிளாஸ்டிக் தட்டு அன்று. கல்லும் அதன் மேல் படிந்த வழுவழுப்பும்தான். நாம் இருவரும் அழுக்கு என்று எண்ணித் தேய்த்து எடுத்தது அந்த வழுவழுப்பை. குழாய்த் தண்ணீரின் குளோரினும் வெயிலும் மீதியை முடித்துவிட்டன.

இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். சாதாரண நுண்ணுயிர்கள் பல அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிட, இவற்றுக்கு அதற்கே பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் பிடிக்கும். புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவது இதனால்தான். நீங்கள் பழைய தொட்டியை ஒரே நாளில் புதுத் தொட்டியாக்கிவிட்டு, முழு எண்ணிக்கையில் மீன்களை விட்டுவிட்டீர்கள்.

இப்போது மிஞ்சியிருக்கும் மீன்களைக் காப்பாற்ற, இரண்டு மூன்று வாரங்களுக்குத் தீனியை இரண்டு நாளைக்கு ஒருமுறை சிட்டிகை அளவுக்குக் குறையுங்கள். நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். காற்றுப் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். மீன் வளர்க்கும் நண்பர் யாரேனும் இருந்தால், நோயில்லாத அவருடைய தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிக் கல்லை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாக எடுத்துவந்து, வலைப்பையில் கட்டி உங்கள் கல்லின் மேல் வையுங்கள். விலை கொடுத்து வாங்கும் பாக்டீரியா பாட்டில்களைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. அம்மோனியாவை அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்று கையில் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. போர்வெல் தண்ணீர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிஎச் உயர உயர அதே அளவு அம்மோனியா மேலும் நஞ்சாகிறது.

இனி வழக்கமான பராமரிப்பைச் சொல்கிறேன். அகன்ற வாயுள்ள சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகினால் கற்கள் குழாய்க்குள் புரண்டு எழும். எடை குறைந்த கழிவு தண்ணீரோடு வெளியேறும், கல் திரும்பக் கீழே விழும். வாரம் ஒருமுறை தொட்டியின் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் இப்படிச் செய்யுங்கள். அடுத்த வாரம் அடுத்த பகுதி. நான்கில் ஒரு பங்கு தண்ணீர் வெளியேறியதும், பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். தட்டின் அடியில் சேரும் சேற்றைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மேலேறும் குழாயின் தலையைக் கழற்றி, அதற்குள் மெல்லிய ரப்பர் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சினால் கறுப்புக் கஷாயம் போல் வந்து கொட்டும். கல்லைத் தொடவே வேண்டாம்.

மின்தடையையும் கணக்கில் கொள்ளுங்கள். பம்பு நின்றால் கல்லுக்குள் ஆக்சிஜன் செல்வது நின்றுவிடும். சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மின்விசிறிக்கு முன் காற்றுப் பம்பை அதில் இணையுங்கள். அது சில வாட்டுகளுக்கு மேல் எடுக்காது. இந்த வகை ஃபில்டருக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மணலைப் போட்டால் துளைகள் அடைபட்டுவிடும்.

கேள்வி: மணல் பரப்பிய தொட்டி. கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் மணலுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன. நேற்றுக் குச்சியால் கிளறியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. முழுவதையும் கொட்டிவிட வேண்டுமா? – வாசகி, கோரமங்களா

கொட்ட வேண்டாம். மணல் ஆழமாகவும் இறுக்கமாகவும் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இறங்குவதில்லை. அங்கே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. மீனுக்கு அது நஞ்சுதான். ஆனால் மணலிலிருந்து மெதுவாகக் கசிவது மேலே ஆக்சிஜன் உள்ள தண்ணீரைத் தொட்டதும் பெரும்பாலும் மாறிவிடும். ஒரே நாளில் முழுப் படுகையையும் கிளறுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் ஓர் ஓரமாக, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் கிளறி, எழும் கலங்கலை உடனே உறிஞ்சுங்கள். மணலின் உயரத்தை 3 சென்டிமீட்டருக்குக் குறைத்துவிட்டால் திட்டுகள் திரும்ப வருவது அரிது. மலேசியன் ட்ரம்பெட் எனப்படும் கூம்பு வடிவ நத்தைகள் பகலில் மணலுக்குள் புதைந்து திரிந்து அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். கடைக்காரர்கள் இவற்றைச் செடியோடு இலவசமாகவே தந்துவிடுவார்கள், பிறகு நாம் நினைத்தாலும் ஒழிக்க முடியாது. தீனி மிஞ்சாவிட்டால் அவை அளவோடு இருக்கும்.

மணல் தொட்டியில் சைஃபனை உள்ளே செருகக் கூடாது. மணலுக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து, வட்டமாகச் சுழற்றினால் கழிவு மட்டும் எழுந்து வரும்.

கேள்வி: செடித் தொட்டிக்காக ஒன்பது லிட்டர் பை மூன்று, ஆக்வா சாயில் வாங்கிப் போட்டேன். பிஎச் 6.5-க்கு இறங்கும், நியான் டெட்ராவுக்கு ஏற்றது என்றார்கள். முதல் மாதம் அப்படியே இருந்தது. மூன்றாம் மாதத்தில் பழையபடி 7.8-க்கு ஏறிவிட்டது. எங்கள் பகுதிக்கு இதுவரை போர்வெல் தண்ணீர். இப்போது காவிரியும் கலந்து வருகிறது. சாயில் போலியா? – வாசகர், வைட்ஃபீல்டு

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சுட்ட களிமண் உருண்டைகளான அந்தச் சாயில், தண்ணீரில் உள்ள கார்பனேட் கடினத்தன்மையை ஈர்த்துக்கொண்டுதான் பிஎச் அளவைக் குறைக்கிறது. ஈர்க்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. மென்னீரில் ஓராண்டுக்கு மேல் தாங்கும் திறன், கீசரிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் படிவம் விடுகிற போர்வெல் தண்ணீரில் வாரந்தோறும் செலவாகி, சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். செடிக்கு உரமண்ணாக அது இன்னும் பயன்படும். எடுத்துப் போட வேண்டாம், கிளறவும் வேண்டாம், உருண்டைகள் உடைந்து சேறாகும்.

காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டு, மாநகராட்சியோடு இணைந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் வரத் தொடங்கியபின், உங்களைப் போன்ற பலருக்கு ஒரு புதுத் தொல்லை. சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் இன்று காவிரி, நாளை போர்வெல், மறுநாள் டாங்கர் என்று கலந்து நிற்பதால் வாரத்துக்கு வாரம் கடினத்தன்மை மாறுகிறது. நிலையான கடின நீரைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைச் சோர்வடையச் செய்யும். இரண்டு வழிகள் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒவ்வொரு முறையும், கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் ஒரே எண் வரும்படி கலந்து ஊற்றலாம், ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை நினைத்தால் 2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கண்ட எவருக்கும் மனம் வராது என்பது தனி விஷயம். அல்லது நியானை விட்டுவிட்டு, கடின நீரில் மகிழ்ச்சியாக வாழும் பிளாட்டி, மோலி, ரெயின்போ மீன்களுக்கு மாறலாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

கேள்வி: ராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்த சிப்பிகளையும் பவளத் துண்டுகளையும் அடியில் வைக்கலாமா? – வாசகி, ஃப்ரேசர் டவுன்

இரண்டுமே கால்சியம் கார்பனேட். பளிங்குக்குச் சொன்னது அப்படியே இவற்றுக்கும் பொருந்தும். பவளத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் உண்டு: கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, கடற்கரையில் இருந்து எடுத்துவருவதே குற்றம்.

கேள்வி: என் கோல்டு ஃபிஷ் எப்போதும் கல்லை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டே இருக்கிறது. பசியா? கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமா? – ஏழாம் வகுப்பு மாணவன், இந்திரா நகர்

பசி இல்லை தம்பி, அதன் இயல்பே அதுதான். கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன் ஆகையால், அடியைக் கிளறி, வாயில் போட்டுச் சலித்து, இரையை வைத்துக்கொண்டு மீதியைத் துப்பும். ஆனால் நீ கேட்ட ஆபத்து உண்மையானது. மீனின் வாய் அளவுக்குச் சரியாக இருக்கும் கல், அதாவது பட்டாணி அளவுக் கல், சிக்கிக்கொள்ளும். ஒன்று, வாய்க்குள் நுழையவே முடியாத பெரிய கூழாங்கல்லாகப் போடு. அல்லது எளிதாகத் துப்பக்கூடிய மெல்லிய மணலாகப் போடு. மீன் வளர வளர வாயும் வளரும் என்பதை மறக்காதே. கல்லே இல்லாத வெறும் அடியும் கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தவறில்லை. அதன் கழிவு மிக அதிகம், வெறும் கண்ணாடியில் எடுப்பது சுலபம். அப்படி வைத்தால் நல்ல ஃபில்டர் ஒன்று தனியாக வேண்டும். தொட்டியின் கீழே, வெளிப்புறத்தில், அடர்நிறத் தாள் ஒன்றை ஒட்டிவிடு, கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து மிரளாது.

கேள்வி: வாரந்தோறும் சைஃபனில் எடுக்கும் அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனமில்லை. மாடித் தோட்டத்துக்கு ஊற்றலாமா? – வாசகி, ஜெயநகர்

தாராளமாக ஊற்றலாம். அதில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரம். கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் நான் வேறு உரம் இட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. பச்சையாகப் பறித்துத் தின்னும் கொத்தமல்லி, புதினா போன்றவற்றின் இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். மீனுக்கு உப்போ மருந்தோ போட்டிருக்கும் வாரங்களில் மட்டும் அந்தத் தண்ணீரை மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.